மாரித்தங்கம் வீட்டுக் காற்று

கோவில்பட்டிக்கு வடக்கே, தீப்பெட்டி ஆபீசுகள் முடிந்து கரிசல்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் பால்பண்ணைத் தெருவில், மாரித்தங்கம் வீட்டில் வைஃபை பெட்டி வைத்த பதினோராம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அந்தப் பெட்டியிலிருந்து கடல்காற்று வீசத் தொடங்கியது.

அவள் புருஷன் சேர்மராஜ் சரக்குக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர் வேலை பார்க்கிறவன். ஒன்பது மாதம் கடலில் இருப்பான், மூன்று மாதம் வீட்டில் இருப்பான், அந்த மூன்று மாதமும் தூங்கியே கழிப்பான். இந்தத் தடவை கப்பலிலும் இண்டர்நெட் வந்துவிட்டது என்று சொல்லி, வீட்டுக்கும் ஒரு கனெக்சன் வாங்கச் சொன்னான். கேபிள்காரர் வந்து பெட்டியை வசதிக்குத் தெருப்பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்து, ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் எண்களைப் பாஸ்வேர்டாகப் போட்டு, அதையும் மறந்துவிடக் கூடாதென்று பெட்டியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டுப் போனார். தினமும் ஐந்து மணிக்கு சேர்மராஜ் இஞ்சின் அறையிலிருந்து ஏறி வந்து கப்பலின் பின்தளத்தில் நின்று வீடியோவில் பேசுவான். பதினோராம் நாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டையைப் படபடக்க வைத்த காற்று இந்தப் பக்கமும் வந்து மாரித்தங்கத்தின் முந்தானையைத் தூக்கியது. காலண்டர் தாள்கள் சித்திரையிலிருந்து மார்கழி வரை தாமாகப் புரண்டன.

தெருக்காரர்கள் இதைத் தோண்டித் துருவவில்லை. வெயில் காலத்தில் வேப்ப இலைகூட அசையாத ஊரில் காற்று எந்த வழியாக வந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு சூசையம்மாளின் மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று பாஸ்வேர்டை வாங்கியிருந்தாள், அவளிடமிருந்து அது கைமாறிக் கைமாறி, ஒரு வாரத்தில் பதினான்கு வீட்டுப் போன்களில் ஏறிவிட்டது. ஐந்து மணியானால் ஒவ்வொரு போனிலும் சார்ஜ் ஏற்றுகிற துளை வழியாகக் காற்று வந்தது. நாலே முக்காலுக்கே போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு ஈரச் சேலையைக் கொடியில் போட ஆரம்பித்தார்கள். ரிட்டயர்டு கண்டக்டர் தவசிக்கண் அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவிட்டுப் போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஈசிசேரில் கிடந்தார். பால் சங்கத்தின் கூட்டம் காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தே காலுக்கு மாறியது. கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை ஐந்து மணிக்கு வரச் சொல்லி, நடுவீட்டில் நாலு போனை வைத்து உட்கார வைத்தார்கள், அவர்களும் இந்த வீடு காற்றோட்டமான வீடு என்று சொல்லிச் சம்மதித்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் கம்பிகளில் படிந்த உப்பைச் சூசையம்மாள் கரண்டியால் சுரண்டி எலுமிச்சை ஊறுகாய் போட்டு வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். கப்பல் புயலில் மாட்டிய அன்று மட்டும் எல்லோரும் போனைக் குப்புறக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்தார்கள்.

தெருவில் அதற்கு மாரித்தங்கம் வீட்டுக் காற்று என்று பேர் வந்தது. அந்தப் பேர் காதில் விழும்போது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாரித்தங்கம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் பதினாறு வருஷமாக இருந்தாள். ஊசி குத்தினதே தெரியாது என்று அவளிடம் கை நீட்டியவர்கள் சொல்வார்கள். எதிர்வீட்டுச் சந்திரமதி டீச்சருக்குத் தைராய்டு பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற அவள், கட்டிக்கொண்டவன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பமாகிவிட்ட பிறகு, ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறாள். லேபுக்கு வர நேரமில்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாள். சேர்மராஜிடம் பேசி வைத்த கையோடு மாரித்தங்கம் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

கதவு திறந்துதான் இருந்தது. டீச்சர் தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை நாற்காலியின் பின்னால் விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்டூலின் மேல் போன் சாய்ந்திருந்தது. சேர்மராஜ் இன்னும் தளத்தை விட்டு இறங்கவில்லை போலிருக்கிறது, காற்று நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இடுப்பு வரைக்கும் இருந்த அந்தக் கூந்தலை அது கொத்தாகத் தூக்கவில்லை, ஒரு இழை, பிறகு ஒரு இழை என்று யாரோ விரலை விட்டுச் சிக்கெடுப்பது போல எடுத்து எடுத்து வைத்தது. அந்த அறைக்குள் கிராம்பு மணத்தது. சேர்மராஜ் கடலில் குமட்டலுக்குக் கிராம்பு மெல்லுவான். கிராம்புக்கு அடியில் அவன் போடுகிற வேப்பெண்ணெய் சோப்பின் மணமும், அதற்கும் அடியில், கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் மாரித்தங்கம் மட்டுமே அறிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த இன்னொரு மணமும் இருந்தன. அது டீச்சர் வீட்டுத் திரைச்சீலையில் ஊறிப்போயிருந்தது.

“உக்காருங்க மாரித்தங்கம், முடி காஞ்சதும் பின்னிட்டு வந்துருதேன்” என்றாள் டீச்சர்.

“பின்ன வேண்டாம், கைய நீட்டுங்க” என்றாள் மாரித்தங்கம்.

ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிப் பார்த்துக் குத்தினாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக நரம்பு தப்பியது. இரண்டாவது தடவை குத்தியபோது டீச்சர் லேசாக உதட்டைக் கடித்தாள். குழாயில் நிரம்பிய ரத்தம் மாரித்தங்கத்தின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் தெருவில் நடக்கும்போதெல்லாம் மூக்கால் நடந்தாள். தவசிக்கண் அண்ணாச்சியின் துண்டிலும், சூசையம்மாள் வீட்டுத் தலையணையிலும் கிராம்பு மணத்தது, ஆனால் அவை அவளை அவ்வளவாகச் சுடவில்லை. ஐந்து மணிக்குப் புருஷன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அவள் காதை எதிர்வீட்டுப் பக்கம் வைத்திருந்தாள். அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் அவளுக்குப் பேச்சு நின்றுபோகும்.

கேபிள்காரருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே பாஸ்வேர்டை மாற்றினாள். கல்யாணத் தேதியைப் போட்டாள். அரை மணி நேரத்தில் பதினான்கு போனும் திரும்ப உள்ளே வந்துவிட்டன.

“உன் கல்யாணத் தேதி எனக்குத் தெரியாதாக்கும், பந்தியில சாம்பார் வாளி தூக்குனவன்லா நானு” என்றார் தவசிக்கண் அண்ணாச்சி, அவள் ஏதோ விடுகதை போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு.

பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து அவளுக்கே ஞாபகம் நிற்காத ஒன்றைப் போட்டாள். மறுநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த சூசையம்மாள், பெட்டியின் பின்னால் இருந்த சின்னப் பொத்தானைச் சும்மா அமுக்கிப் பார்த்தாள், அது பாஸ்வேர்டு கேட்காமலே அவளை உள்ளே விட்டுவிட்டது. அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்து கறிவேப்பிலை கேட்டார்கள்.

மாரித்தங்கம் மறுபடியும் கேபிள்காரரைக் கூப்பிட்டாள். அவர், “எனக்கு இவ்வளவுதாம்மா தெரியும். ஒங்க தெருவுலயே ஒரு டீச்சர் இருக்காகள்ல, சந்திரமதின்னு, பள்ளிக்கூடம் பூராவுக்கும் அவுகதான் பூட்டுப் போட்டுக் குடுத்தாக. அவுககிட்டக் கேளுங்க” என்றார்.

மூன்று நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டாள். டீச்சர் காரணம் கேட்காமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மாரித்தங்கத்தின் வீட்டுக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவை ஒருமுறை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

“எதப் பூட்டணும்?”

“எல்லாத்தையும்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

டீச்சர் தலையாட்டினாள். பாடம் நடத்துகிற குரலிலேயே, இதில் இரண்டு பாஸ்வேர்டு உண்டு, ஒன்று வாசலுக்கு, இன்னொன்று அந்த வாசல் சாவியை மாட்டியிருக்கிற ஆணிக்கு, நீங்கள் வாசலைத்தான் மாற்றியிருக்கிறீர்கள், ஆணி அப்படியே இருக்கிறது என்றாள். பின்பக்கப் பொத்தானை வேலை செய்யாமல் ஆக்கினாள். பெட்டியின் பழைய சாஃப்ட்வேரைப் புதுசாக்கினாள், பழையதில் ஓட்டை இருக்கும் என்றாள். தெருவில் யார் தேடினாலும் வைஃபையின் பெயர் கண்ணில் படாதபடி மறைத்தாள், இது சும்மா ஒரு திரை, தேடத் தெரிந்தவனுக்குக் கிடைத்துவிடும் என்பதையும் சொன்னாள். செய்த ஒவ்வொன்றையும், பிறகு வேண்டுமானால் செய்துகொள்ளக் கூடியதையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தாள்.

“இதுல கெஸ்ட் நெட்வொர்க்குன்னு ஒண்ணு இருக்கு” என்றாள். “வாறவுகளுக்குத் தனி வாசல். காத்து மட்டும் போவும், ஒங்க வீட்டு உள்பக்கத்துச் சமாச்சாரம் எதுவும் போவாது. போட்டுத் தரவா?”

“வேண்டாம்.”

பிறகு திரையில் பதினான்கு போன்களின் பெயர்கள் வந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றாக அழித்தாள். தவசிக்கண் அண்ணாச்சி போனார், சூசையம்மாள் போனாள், பால் சங்கத்துச் செயலாளர் போனார். கடைசியாகச் சந்திரமதி என்றிருந்தது. அதன் மேல் விரலை வைத்து, மற்றதை அமுக்கின அதே வேகத்தில் அமுக்கினாள்.

“இப்ப நீங்க புதுப் பாஸ்வேர்டப் போடுங்க. நீளமா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து, மாரித்தங்கம் தட்டி முடிக்கும் வரைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சாயங்காலம் வரை இருந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாரித்தங்கத்துக்கு வாய் வரவில்லை.

பதினான்கு வீட்டுக்குப் பிரிந்துபோன காற்று முழுவதும் அன்று ஒரே வீட்டுக்குள் வந்தது. பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுந்தன, காலண்டர் ஆணியோடு பிய்ந்துகொண்டு போய் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கொண்டது, ஒரு வாரத்தில் பீரோவும் கட்டிலும் துருவேறின, தோசை மாவு உப்புப் போடாமலே உப்புக் கரித்தது. மாரித்தங்கம் ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்துவிட்டு, நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சும் வெளியே போகாமல் அதை முழுவதும் தான் ஒருத்தியே வாங்கிக்கொண்டாள். பிறகும் சந்தேகம் தீரவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்டு ஓரமாகவும் ஒரு குச்சியைக் கிழித்துப் பிடித்துப் பார்த்தாள். எல்லா வாசலிலும் சுடர் நேராக நின்றது. டீச்சர் வீட்டு வாசலில் மட்டும் லேசாகச் சாய்ந்தது. அவள் ஓடிப்போய்ப் பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து வீட்டின் நட்டநடுவில் வைத்தாள், நோட்டைப் பார்த்து அதன் வீச்சைப் பாதியாகக் குறைத்தாள், திரும்ப வந்து குச்சியைக் கிழித்தாள். இப்போது அங்கேயும் சுடர் நேராக நின்றது.

யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. மழை பொய்த்த வருஷத்தைப் பேசுவது போல, இந்த வருஷம் காற்று அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். பால் சங்கக் கூட்டம் காலைக்குத் திரும்பியது. கறிவேப்பிலைக்கு யாரும் வருவதில்லை.

மூன்றாவது வாரம் சேர்மராஜ் கேட்டான்.

“ஏ தங்கம், அங்க என்ன ஆச்சு? இப்பல்லாம் நம்ம வீடு மட்டும்தான் வருது.”

“என்னது வருது?”

“காத்துதான். நீ பேசும்போது அங்கயிருந்தும் வரும்லா. மொதல்ல தெருவே வரும். தவசிக்கண் மாமா வீட்ல வடகம் பொரிக்கது, சூசை மதினி ஊறுகாத் தாளிக்கது, கரிசல்ல தூத்தல் விழுந்தா அந்த வாசம், எல்லாம் வரும். மூணு மாசமா அத மோந்துதான் தூங்குனேன். இப்ப ஒண்ணையும் காணும்.” பிறகு, “நீ மரிக்கொழுந்து வைக்கதையும் விட்டுட்டியா?” என்றான்.

மாரித்தங்கம் மரிக்கொழுந்து வைத்ததே கிடையாது. பால்பண்ணைத் தெருவில் தினமும் அதை வைக்கிறவள் ஒருத்திதான்.

“பூக்காரி வரல. நாளைக்கு வைக்கேன்” என்றாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மரிக்கொழுந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் பெட்டியின் முன்னால் நின்றாள். திரையில் சேர்மராஜின் மூக்கு லேசாக விரிந்தது. “ம், வருது” என்றான். அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். அடுத்த நாளும் வைத்தாள். அப்படி இருபத்திரண்டு நாள், இன்னொருத்தியின் மணத்தைத் தலையில் சுமந்துகொண்டு, தன் புருஷனின் காற்றுக்கு முன்னால், தன் வீட்டுக்குள், எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டு நின்றாள். மரிக்கொழுந்து அவளுக்குத் தலைவலியாக ஆனது. லேபில் நாலு பேருக்கு நரம்பு தப்பியது.

இருபத்திமூன்றாம் நாள் வெறுந்தலையோடு வந்து நின்றாள்.

“அந்த மரிக்கொழுந்து நான் வச்சது இல்ல” என்றாள். “எதிர்த்த வீட்டு டீச்சர் வச்சது. அவுக போன் நம்ம வைஃபைல இருந்துச்சு. அவுகளுக்கு ஒங்க காத்து போச்சு, ஒங்களுக்கு அவுக வாசம் வந்துச்சு. நான்தான் பூட்டுனேன்.”

பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

“எனக்குத் தெரியாது தங்கம்” என்றான். “ஒன்னதுன்னு நெனச்சேன்.”

“இப்பத் தெரிஞ்சுட்டுல்லா. இப்பச் சொல்லுங்க, மனசு அதத் தேடுச்சா?”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். “தேடுச்சு” என்றான்.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு அவன் தளத்துக்கு வராமல் கேபினுக்குள் இருந்தே பேசினான். கதவைச் சாத்தியிருந்தான். காற்று வரவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்புக்கு என்ன, ஒண்ணுமில்ல என்பதோடு பேச்சு முடிந்தது. ஒன்பது நாள் மாரித்தங்கத்தின் வீட்டில் ஒரு தாள்கூட அசையவில்லை. இடுக்குகளில் திணித்த துணி அப்படியே இருந்தது, காப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் பூட்டியது எதிர்வீட்டை இல்லை, அவனைத்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகும் எதிர்வீட்டில் நாற்காலி இழுபட்டால் அவள் காது அங்கேதான் போனது.

பத்தாம் நாள் லேபுக்கு லீவு போட்டாள். துணிகளை இடுக்குகளிலிருந்து உருவி எறிந்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்த நோட்டை விரித்து வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, கெஸ்ட் நெட்வொர்க்கைத் தானே போட்டாள். நாலு தடவை தப்பாகி ஐந்தாவது தடவை வந்தது. பெட்டியின் வீச்சைக் கூட்டினாள். பதினான்கு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டை எழுதி வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள்.

“என்ன மாரி, பூட்டத் தொறந்துட்டியா?” என்றாள் சூசையம்மாள்.

“இது வேற வாசல் மதினி” என்றாள்.

கடைசிச் சீட்டோடு எதிர்வீட்டில் ஏறினாள். டீச்சர் சீட்டைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

“கெஸ்ட்டா?”

“ஆமா. நீங்க எழுதுனதப் பாத்து நானே போட்டேன்.”

“நல்லாப் போட்டுருக்கீங்க.” டீச்சர் சீட்டை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். “யார் காத்துன்னு எனக்குத் தெரியும் மாரித்தங்கம். தெரிஞ்சுதான் அஞ்சு மணிக்குத் தலைய விரிச்சுட்டு உக்காந்தேன். தெரியாதுன்னு சொன்னாப் பொய்.”

“எனக்கும் தெரியும். அதான் ரெண்டு தடவ குத்துனேன்.”

டீச்சர் தன் முழங்கை மடிப்பைப் பார்த்துக்கொண்டாள். மாரித்தங்கம் சீட்டை மேஜை மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அன்று சேர்மராஜிடம், “வெளிய வாங்க, வேக்காடு தாங்கல” என்று சொன்னாள். அவன் தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்து தளத்துக்கு வந்தான். காற்று வந்தது, வந்து தெருவெல்லாம் பிரிந்தது. கிராம்பு மணமும் சோப்பு மணமும் அவள் வீட்டோடு நின்றுகொண்டன, மற்ற வீடுகளுக்கு வெறும் கடல்காற்றுதான் போனது, ஆனால் தெருவின் வாசமெல்லாம் அந்த வாசல் வழியாகப் பழையபடி அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. “மாமா வீட்ல வடகம்” என்றான் சேர்மராஜ். வேறெதையும் சொல்லவில்லை. தவசிக்கண் அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். பால் சங்கத்துக்காரர்கள் ஐந்தே காலுக்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள்.

தினமும் அவனோடு பேசும்போது மாரித்தங்கம் போன் திரையின் கீழ்ப்பாதியில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே வந்த போன்களின் பெயர்கள் அதில் இருக்கும். பதிமூன்று பெயர்கள்தான் வந்தன. முதல் நாள் அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் போனபிறகு, பெரிய இவளாக்கும், நான் கொடுத்தது ஆகாதோ என்று கோபம் வந்தது. இன்னொரு வாரத்தில் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், டீச்சர் கூந்தலை இறுக்கமாகப் பின்னி மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, மூடிய ஜன்னலுக்குப் பின்னால், ஓடாத மின்விசிறிக்குக் கீழே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து பட்டியலைத் திறக்கும்போது பதிமூன்றுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

நாற்பத்தோராம் நாள், சேர்மராஜ் கப்பல் சமையல்காரனுக்கும் கேப்டனுக்கும் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினான்காவது பெயர் வந்தது.

மாரித்தங்கத்தின் விரல் தானாக அதன் மேல் போய் நின்றது. அமுக்கினால் போய்விடும், அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். எதிர்வீட்டில் நாற்காலி இழுபட்டது. திரையில் சேர்மராஜ் பாதி வாக்கியத்தில் நின்றான். அவன் கண் மூடவில்லை, முகமும் மாறவில்லை, நெஞ்சு மட்டும் மெதுவாக மேலே ஏறியது, இழுத்த மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு, திருடிக்கொண்டு அகப்பட்டவன் போல அவளைப் பார்த்தான்.

விரலை எடுத்தாள். அவன் அந்த மூச்சை முழுவதும் விட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, “சரி, கேப்டன் என்ன சொன்னாரு, விட்ட எடத்துலயிருந்து சொல்லுங்க” என்றாள்.